பைசாந்தியக் காசிற் பொறித்த திருவுருவங்கள்

தோற்றுவாய்

தமிழில் ‘நாணயம்’ என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும். சொற்பிறழாத நேர்மையையுங் குறிக்கும். ‘காசு’ என்னுஞ் சொல்லோ பொன்னையும் பொற்காசையுங் குறிப்பதோடு, குற்றம் என்னும் பொருளையுந் தரும். ஒரு பொருளுக்கு வழங்கும் இரண்டு பெயர்களுள் ஒன்று நேர்மையின் பாலும், மற்றொன்று மாசின் பாலும் சார்ந்து நிற்றல் வியப்பைத் தருவதாம். காசு அடிப்போன் முன்னே இவ்விரு வழிகளும் என்றுந் திறந்து கிடக்கின்றன என்பதை நம் மொழியே நமக்கு நினைவூட்டுகின்றது போலும்!

காசைக் குறித்து எழுந்த வினா ஒன்று சுவிசேஷத்தில் உளது. இராயனுக்கு வரி கொடுத்தல் முறையோ என்று சிலர் சோதித்துக் கேட்ட காலையில், நம் ஆண்டவர் வரிக்காசு ஒன்றைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவும் எழுத்தும் எவருடையன என்று அவர்களையே வினாவினார். இராயனுடையன என்று அவர்கள் விடை கூறினர். அவனுக்குரியதை அவனிடத்தும், கடவுளுக்குரியதைக் கடவுளிடத்துஞ் செலுத்துமாறு அவர் பணித்தருளினார். இந்நிகழ்ச்சியை நம் கல்லூரி மாணவருள் அறியாதார் மிகச் சிலரே. ஆயின், அதற்கு ஏறக்குறைய 660 ஆண்டுகளின் பின்னர், அவ்விராயன் வழிவந்த அரியணையில் வீற்றிருந்த ஒருவன், தன் உருவைப் பொற்காசின் முகப்பினின்றும் நீக்கி, அவ்வினாவை வினாவியவருடைய திருவுருவையே அங்குப் பொறித்தான் என்பதை அறிந்தார் சிலரே. அங்ஙனமாயின், அக்காசு எவருக்குரியது? இவ்வினாவை உளத்திற்கொண்டு, பைசாந்தியப் பேரரசின் காசுகளை முறையே நோக்குவாம்.

பேரரசும் அதன் பொன்னும்

கிரேக்கர் பண்டு பைசாந்தியம் என வழங்கிய துறைமுக நகரைக் கான்ஸ்டன்டைன் மன்னர் புதுக்கி, கி. பி. 330இல் தம் பேரரசின் தலைநகராக்கினார். அதுவே கான்ஸ்டாண்டிநோபிள். மேலை உரோம அரசு 5ஆம் நூற்றாண்டில் அழிந்த பின்னும், கீழைப் பேரரசு இந்நகரைத் தலைநகராகக் கொண்டு, இடையே 1204 முதல் 1261 வரை அதனை இழந்திருந்த காலம் நீங்கலாக, 1453 வரை நிலைபெற்றது. பிற்கால ஆசிரியர் அதனைப் பைசாந்தியப் பேரரசு என்பர். அந்நாட்டவரோ தம்மை உரோமர் என்றே சொல்லிக்கொண்டனர்.

கான்ஸ்டன்டைன் வகுத்த பொற்காசு, ஓர் உரோம இராத்தல் பொன்னுக்கு 72 வீதம் அடிக்கப்பட்டது. ஒன்றன் எடை ஏறக்குறைய 4½ கிராம். இலத்தீன் மொழியில் சாலிடஸ் என்றும், கிரேக்கத்தில் நோமிஸ்மா என்றும் அது பெயர்பெற்றது. அரசர் பலர் தோன்றி மறைந்தும், அதன் எடையும் மாற்றும் ஏறத்தாழ 700 ஆண்டுகள் பெரிதுங் குறையாமல் நின்றன. உலக வரலாற்றில் இதற்கு நிகர் காண்டல் அரிது.

அக்காசின் பெருமை நம் கடற்புறத்தையும் எட்டியது. 6ஆம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் நூலெழுதிய காஸ்மாஸ் என்பவர், இலங்கையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுகின்றார். சோபத்தர் என்னும் உரோம வணிகரும், பாரசீகர் ஒருவரும் இலங்கை மன்னன் அவையில் ஒருங்கே நின்றனர். உங்கள் அரசருள் எவர் பெரியர் என்று மன்னன் கேட்பப் பாரசீகர் தம் வேந்தனே பெரியன் என்று முந்துற்றுக் கூறினார். சோபத்தரோ, இருவேந்தரும் இங்கேயே உளர், நீரே பார்த்துக்கொள்ளும் என்று கூறி, உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் அவன் கையிற் கொடுக்கச் செய்தார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்த மன்னன், உரோமர் பக்கமே தீர்ப்பளித்தான் என்ப. இதனால் ஒன்று விளங்கும். கடல் கடந்த நாட்டவர்க்குக் காசே அரசனது முகம். அதன் மாற்றே அவனது சொல்.

சிலுவையின் வருகை

காசிற் சமயச் சின்னம் ஒரே நாளில் வந்ததன்று. 315இல் அடிக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்றிற் கான்ஸ்டன்டைன் அணிந்த தலைச்சீராவின்மேற் கிறிஸ்துவின் பெயர் முதலெழுத்துக்கள் இரண்டும் பின்னிய சிறு குறி காணப்படுகின்றது. அஃது அணிகலன் அளவே ஆகும். பழைய உரோமரின் வெற்றித் தெய்வமான சிறகுடைய மங்கை, அரசர் கிறிஸ்தவரான பின்னரும் காசின் பின்புறத்தை விட்டு நீங்கினாளல்லள். முதலாம் ஜஸ்டின் காலத்தில் (518–527) அம்மங்கை நின்ற இடத்திற் சிறகுடைய ஆடவன் வடிவம் வந்தது, தெய்வமங்கை தேவதூதனாயினாள். பழைய அச்சின் அமைப்பை மாற்றாமலே பொருளை மாற்றிய இத்திறம் நோக்கற்பாலது.

இரண்டாம் டைபீரியஸ் (578–582) பின்புறம் முழுவதையுஞ் சிலுவைக்கே அளித்தார். படிகள் மேல் நாட்டிய சிலுவை அது. எருசலேமிற் கொல்கொதா மேட்டில் நின்ற மணிச் சிலுவையை அது குறிக்கும் என்பர் ஆராய்ச்சியாளர். 614இற் பாரசீகர் எருசலேமைக் கைப்பற்றித் திருச்சிலுவையைக் கவர்ந்து சென்றனர். பேரரசு நிலைகுலைந்த அக்காலத்தில், ஹெராக்ளியஸ் (610–641) 615இற் புதியதொரு வெள்ளிக்காசு வெளியிட்டார். படிகள் மேல் நின்ற சிலுவையைச் சூழ, உரோமருக்குத் துணைசெய்யுமாறு கடவுளை வேண்டும் மன்றாட்டு ஒன்று அதில் எழுதப்பட்டது. பின்னர்ப் போர்ச் செலவிற்காகத் தேவாலயங்களின் பொன் வெள்ளிக் கலங்களும் உருக்கப்பெற்றுக் காசாயின. அரசனுக்குரியது எது, கடவுளுக்குரியது எது என்னும் வரம்பு அந்நெருக்கடியில் எத்துணை மெலிந்தது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

கிறிஸ்துவின் திருமுகம்

450இலும் 491இலும் நிகழ்ந்த அரச திருமணங்களை நினைவுகூரும் பொற்காசுகளில், மணமக்களுக்கு நடுவே கிறிஸ்து நின்று வாழ்த்தும் காட்சி உண்டு. அவை சிறப்புக் காசுகள். யாவர்க்கும் வழங்கியன அல்ல. பலர் கையிலும் புழங்கும் காசின் முகப்பிற் கிறிஸ்துவின் திருமுகத்தை வைத்த முதல்வன், தொடக்கத்திற் சுட்டிய அரசனாகிய இரண்டாம் ஜஸ்டினியனே. அவன் முதன்முறை ஆண்டது 685 முதல் 695 வரை. 691–692இல் அவன் அரண்மனையிற் கூடிய திருச்சபைச் சங்கம், கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக எழுதுதலை விடுத்து, மனிதவடிவிலேயே எழுதுதல் வேண்டும் என விதித்தது. அதனை ஒட்டிய காலத்திலேயே இக்காசு தோன்றியது.

அதன் முகப்பில் நீண்ட கூந்தலும் தாடியும் உடைய திருமுகம். தலைக்குப் பின்னே சிலுவை. வலக்கை ஆசி கூறும் பாவனை. இடக்கையிற் சுவிசேஷப் புத்தகம். சூழ்ந்த எழுத்து, அரசாள்வோர்க்கெல்லாம் அரசர் என அவரைப் போற்றுகின்றது. அரசன் பின்புறத்திற்கு ஒதுங்கிச் சிலுவையைப் பற்றி நிற்கின்றான். ஆங்கு அவனுக்குரிய பட்டம் கிறிஸ்துவின் ஊழியன் என்பது. முன்னர் உலகத்தை ஆண்ட இராயரின் காசு இங்ஙனம் பணிவின் அறிக்கையாயிற்று.

ஆனால் அவ்வூழியனது ஆட்சி எத்தகையது? கொடிய வரிகளால் மக்களை வாட்டினான். 695இல் மக்கள் கிளர்ந்தெழுந்து அவனை அரியணையினின்று தள்ளி, மூக்கையரிந்து, கருங்கடலுக்கு அப்பாலுள்ள கெர்சோன் நகர்க்கு ஓட்டினர். 705இல் மீண்டும் அரசெய்திப் பகைவரைப் பழிதீர்த்து, 711இற் கொலையுண்டான். இரண்டாம் ஆட்சியில் அவன் வெளியிட்ட காசிலுங் கிறிஸ்து உளர். ஆயின் சுருண்ட குறுமுடியும் சிறுதாடியும் உடைய வேறு முகம் அது. முகம் மாறியும் அரசன் மாறிற்றிலன்.

இக்காலத்திலேயே அரபு நாட்டுக் கலீபாவாகிய அப்துல் மலிக் தம் ஆட்சிக்குரிய பொன்னை வேறு வழியில் அமைத்தார். சிரியா நாட்டில் அதுவரை பைசாந்தியக் காசைப் போன்றே அடித்து, படிமேல் நின்ற சிலுவையின் குறுக்குக் கையை மட்டும் நீக்கி, வெறுந்தண்டாக்கி வழங்கினர். 696–697 முதலாக உருவம் யாவற்றையும் அகற்றி, மறைமொழிகளையே இருபுறமும் பொறித்தனர். ஒருவர் கடவுட்பற்றை உருவாற் காட்ட, மற்றொருவர் எழுத்தாற் காட்டினர். இரு பேரரசுகளும் தத்தஞ் சமயத்தை ஒரு விரற்கடை அகலமுள்ள பொன்வட்டத்திலே நிறுவிக்கொண்டன.

படிமப் போராட்டம்

711க்குப் பின் வந்த அரசர் கிறிஸ்துவின் உருவை நீக்கித் தம் உருவையும் சிலுவையையும் மீட்டும் பொறித்தனர். 726ஆம் ஆண்டை ஒட்டி மூன்றாம் லியோ தேவாலயப் படிமங்களை எதிர்க்கத் தொடங்கினார். அவர் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754இற் கூட்டிய சங்கம் படிமவணக்கத்தைக் கண்டித்தது. எனினும் சிலுவையை அவர்கள் வெறுத்தாரல்லர். லியோ அடித்த புது வெள்ளிக்காசில் உருவம் ஒன்றுமின்றிப் படிகள் மேல் நின்ற சிலுவையும், இயேசு கிறிஸ்து வெல்கின்றார் என்னும் எழுத்துமே விளங்கின.

பொற்காசிலோ வேறொன்று நிகழ்ந்தது. சிலுவை இருந்த பின்புறத்தை அரசகுமாரனுடைய உருவம் பிடித்துக்கொண்டது. நாளடைவிற் பாட்டன், தந்தை, மகன், பேரன் எனத் தலைமுறைகள் இருபுறமும் நிறைந்தன. கடவுட் படிமத்திற்கு அஞ்சிய காலத்தே குடும்பப் படிமம் பெருகியது!

இனி, படிமத்தின் பக்கம் நின்றோரையும் நோக்குவாம். 787இல் நைசியாவிற் சங்கங்கூட்டிப் படிமவணக்கத்தை மீட்டவள் ஐரீனி அரசி. அவள் தன் மகனுடைய கண்களைக் குருடாக்கி, 797 முதல் 802 வரை தனியே ஆண்டாள். திருச்சபை போற்றிய அவ்வரசியின் பொற்காசிற் கிறிஸ்து உளரோ எனின், இலர். முன்புறத்தும் ஐரீனி, பின்புறத்தும் ஐரீனி. ஆகவே, காசில் ஒருவர் எதனைப் பொறிக்கின்றார் என்பது அவர் கொள்கையை மட்டும் பொறுத்ததன்று. அவர்தம் அரியணைக்கு எது வேண்டுவது என்பதையும் பொறுத்தது.

815இல் மூண்டெழுந்த படிமப் பகை 843இல் முடிவுற்றது. சிறுவனாகிய மூன்றாம் மைக்கேல் பெயரால் ஆண்ட அவன் தாய் தெயோடோரா, படிமங்களை நிலையாக மீட்டாள். அதன்பின் அடித்த பொற்காசின் முகப்பிற் கிறிஸ்து திரும்ப எழுந்தருளினார். அக்கசாலையார் புதிதாக ஒரு முகத்தை வகுத்திலர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட இரண்டாம் ஜஸ்டினியனது முதற் காசையே எடுத்துப் பார்த்து அமைத்தனர். அச்சு வைத்தவன் பழி மறைந்தது. அவன் வைத்த முகம் நின்றது.

தாயும் தூயோரும்

இதன்பின் திருவுருவங்கள் பெருகின. முதலாம் பேசில் (867–886) கிறிஸ்துவை அரியணையில் வீற்றிருப்பவராகப் பொறித்தார். ஆறாம் லியோ (886–912) கன்னி மரியாளை முதன்முதலாகப் பொற்காசில் வைத்தார். இருகைகளையும் விரித்து மன்றாடும் நிலை அது. இரண்டாம் நிகெபோரஸ் (963–969) கன்னியுடன் ஒரே சிலுவையைப் பற்றி நின்றார். அவரைக் கொன்று அரசெய்திய முதலாம் ஜான் சிமிஸ்கெஸ் (969–976) காசிலோ, கன்னியே அவருக்கு முடிசூட்டுகின்றாள்; மேலே கடவுளின் திருக்கரம் தோன்றுகின்றது. குருதி உலராத கையினர் தம் முடி விண்ணினின்று வந்ததென்று பொன்னில் எழுதிக்கொண்டார்.

ஆயினும் அவரது ஆட்சியிலேயே மற்றொரு காசு தோன்றியது. ஏழைகள் கையிற் புழங்கும் செப்புக்காசு அது. அதன் முகப்பிற் கிறிஸ்து. இம்மானுவேல் என்னுந் திருப்பெயர். பின்புறத்தில் இயேசு கிறிஸ்து அரசர்க்கரசர் என்று நான்கு வரி. அரசனுடைய உருவும் இல்லை, பெயரும் இல்லை. இப்புதுமையை ஸ்கைலிட்சஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். ஏறக்குறைய 120 ஆண்டுகள் செப்புக்காசுகள் இங்ஙனம் அரசன் பெயரின்றியே பல வகையாக வெளிவந்தன. எழுத்தறியாத உழவனும், மீன் விற்பவளும் நாள்தோறும் கையிற்கொண்ட திருப்படிமம் அதுவே. தேவாலயத்திற்குச் செல்லாத நாளிலும் அவர்கள் சந்தைக்குச் சென்றனரன்றோ?

முதலாம் ஐசக் (1057–1059) கிறிஸ்துவைப் பின்புறம் மாற்றாவிடினும், தம்மை உருவிய வாளுடன் காசிற் பொறித்தார். வெற்றியைக் கடவுளுக்கன்றித் தம் வாளுக்கே உரியதாக்கினார் என்று மக்கள் முணுமுணுத்ததை அக்கால ஆசிரியர் எழுதினர். காசின் உருவை மக்கள் உற்றுநோக்கிப் பொருள் கொண்டனர் என்பதற்கு இதுவே சான்று.

பொன் தேய்ந்த வரலாறு

இதுகாறும் உருவின் வரலாற்றைக் கண்டோம். இனி உலோகத்தின் வரலாற்றைக் காண்பாம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்பொற்காசு ஏறத்தாழ 24 காரட் மாற்றுடையது. நான்காம் மைக்கேல் காலத்தில் (1034–1041) கலப்புத் தொடங்கிற்று. ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் காலத்தில் (1042–1055) ஏறக்குறைய 18 காரட்டிற்கு இறங்கிற்று. 1071இல் மான்சிகெர்ட் போரிற் பேரரசு துருக்கரிடந் தோற்றபின், வீழ்ச்சி விரைந்தது. ஏழாம் மைக்கேல் காலத்தில் (1071–1078) ஒரு பொற்காசுக்கு வாங்கக்கூடிய கோதுமை, ஒரு படியிற் காற்பங்கு குறைந்ததாம். மக்கள் அவ்வரசருக்குக் காற்குறையர் எனப் பொருள்படும் பட்டப்பெயர் இட்டனர். அவருக்குப்பின் வந்தவர் காலத்தில் மாற்று 8 காரட் அளவாயிற்று. 1081இற் பட்டமெய்திய முதலாம் அலெக்ஸியஸின் முதற் பத்தாண்டுகளிற் பொற்காசு எனப் பெயர்கொண்ட காசிற் பொன் பெயரளவே இருந்தது. காசும் தட்டையாயிராது கிண்ணம்போற் குழிந்து அகன்றது.

இத்துணைத் தேய்விலும் அக்காசின் முகப்பில் நின்றவர் யார்? கிறிஸ்துவே. கையிற் சுவிசேஷம் அதுவே; தலைக்குப் பின் சிலுவை அதுவே; எழுத்தும் அதுவே. படிமத்தில் ஒரு கோடும் குறைந்திலது. பொன் மட்டுங் குறைந்தது. அரசன் தன் முகத்தைப் பொறித்துக் கலப்படஞ் செய்திருப்பின் அப்பொய் அவனோடு ஒழிந்திருக்கும். ஆண்டவர் முகத்தைப் பொறித்துக் கலப்படஞ் செய்தமையாற் பொய்க்கு அவரையே பிணையாக்கினான். கூலிக்கு உழைத்தவன் கைநீட்டி வாங்கியது அத்தகைய காசையே. அவனுக்கு இழைத்த தீங்கு மாற்றுக் குறைவினும் பெரிதன்றோ?

அலெக்ஸியஸ் 1092இல் நாணயச் சீர்திருத்தம் செய்து, 20½ காரட் மாற்றுடைய ஹைபர்பைரான் என்னும் புதுப் பொற்காசை வெளியிட்டார். அதிலும் அரியணையில் வீற்றிருக்குங் கிறிஸ்துவே முகப்பினர். ஒருவாறு காசுக்கும் படிமத்திற்கும் மீண்டும் பொருத்தம் உண்டாயிற்று. அவர் பேரன் மானுவேல் (1143–1180) தம் பெயர்ப்பொருத்தங் கருதி, தாடியில்லா இளைஞராகிய இம்மானுவேல் வடிவைப் பொறித்தார். தூய ஜார்ஜ், தூய தெமெத்ரியஸ், தூய தெயோடர் முதலிய போர்வீரத் தூயோரும் அரசருடன் காசுகளில் நின்றனர்.

1204இற் சிலுவைப் போர்வீரரே கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையிட்டனர். தலைநகரின் பழைய வெண்கலச் சிலைகளை அவர்கள் உருக்கிக் காசாக்கினர் என்று நிகேதாஸ் கோனியாதெஸ் வருந்தி எழுதினார். 1261இல் நகரை மீட்ட எட்டாம் மைக்கேல், நகர மதில் சூழ நடுவே கன்னி மரியாள் மன்றாடும் காட்சியைப் பொற்காசிற் பொறித்தார். பின்புறத்தில் மிகாவேல் தூதன் அரசரைக் கிறிஸ்துவின் முன் அழைத்துவர, அரசர் முழந்தாளிடுகின்றார். பைசாந்தியக் காசுகளுள் உருக்கமிக்கது இதுவே எனலாம். ஆயினும் அதன் மாற்று ஏறத்தாழ 15 காரட். அடுத்த நூற்றாண்டின் நடுவில் 11 காரட்டளவாக இறங்கிப் பொற்காசு அடித்தலே நின்றது. கடைசி அரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைன் 1453இல் மதிற்போரில் வீழ்வதற்குமுன் அடித்தன சிறு வெள்ளிக்காசுகளே. அவற்றிலுங் கிறிஸ்துவின் முகம் உண்டு.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவாம். கிறிஸ்துவின் உரு பொறித்த காசு எவருக்குரியது? அரசன் அதனை அடித்தமையால் அவனுக்குரியதென்று சொல்லி அமைதல் எளிது. ஆனால் அவ்வுருவைத் தன் அச்சில் ஏற்ற அளவில், அவன் ஒரு கடனையும் ஏற்றுக்கொண்டான். அக்காசின் எடையும் மாற்றும் பொய்யாதிருத்தலே அக்கடன். படிமத்தை மதித்தலாவது அதன்முன் வணங்குதல் மட்டுமன்று. அது தாங்கிய பொன்னைத் தூயதாக வைத்தலுமாம். படிமத்தை வணங்கலாமா, ஆகாதா என்று அந்நாட்டவர் நூறாண்டுக்குமேற் போராடினர், குருதி சிந்தினர். படிமத்தின் கீழுள்ள பொன்னைக் கலக்கலாமா என்னும் வினாவிற்கோ சங்கம் ஒன்றுங் கூடிற்றிலது. பேரரசின் நாணயம் கெட்டது அங்கேதான். நாணயம் என்னும் சொல்லின் இருபொருளாலும் இதனைக் கொள்க.

எனினும் அப்பொற்காசை வெறுத்தற்கில்லை. 700 ஆண்டுகள் மாற்றுக் குறையாது நின்று, கடல் கடந்த வேந்தனும் தன் கையில் வைத்துப் போற்றத்தக்கதாய் அது விளங்கிற்று. அந்நாளிற் பெரும்பகுதியும் அதன் முகப்பில் அரசர் உருவே இருந்தது என்பதையும் மறத்தலாகாது. திருவுருவம் இல்லாத காசு நேர்மையாயும், திருவுருவம் உள்ள காசு நேர்மையற்றதாயும் இருத்தல் கூடும் என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்பது திருமறையின் முதலதிகாரத்துச் செய்தி. ஆதலின் நாமும் ஓர் உருவைத் தாங்கிய காசுகளே. அன்றியும், ஒரு கல்லூரியின் பெயரையும், பட்டத்தையும், பலர்க்குச் சமயப் பெயரையும் முகப்பிற் பொறித்துக்கொண்டு உலகச் சந்தைக்குச் செல்லவிருக்கின்றோம். கட்டளைக்கல் முகப்பைப் பார்ப்பதில்லை. உரைத்த இடத்துப் பொன்னையே பார்க்கின்றது. அக்கல்லில் உரைபடுங் காலத்து நம் மாற்றுக் குறையாதிருப்பதாக!